வலியக்காவின் பெரிய சக்கரங்கள்

வீடு வீடாகப் போய் பிசியோதெரபி கொடுப்பது அவள் வேலை. முட்டி மாற்றியவர்கள், இடுப்பு ஒடிந்தவர்கள், ஒரு பக்கம் கை கால் விழுந்துபோனவர்கள் என்று எல்லோரையும் மடக்கி நீட்டி எழுந்து நடக்க வைப்பாள். அதற்கு அவர்கள் காட்டிய நன்றி, முதுகுக்குப் பின்னால் வைத்த வலியக்கா என்ற பெயர். அது அவள் காதுக்கும் வந்தது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. வீட்டில் கூப்பிட ஆள் இல்லாதவளுக்கு, யாரோ ஏதோ ஒரு பெயரில் கூப்பிட்டால் போதும் என்றிருந்தது.

நாற்பதைத் தாண்டித்தான் ஒரு கார் வாங்கினாள். லைசென்ஸ் கல்யாணமான புதிதிலேயே எடுத்ததுதான். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து நாலு தெரு வந்ததுமே கணவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "உனக்கு இது கை வராது. விட்டுடு." விட்டுவிட்டாள். சில வருஷம் கழித்து அவர் அவளையும் விட்டுவிட்டுப் போனார்.

வாங்கியது பழைய சின்னக் கார். விற்றவன் அழகுக்காக அதற்குப் பெரிய சக்கரங்கள் மாட்டியிருந்தான். "கம்பெனி சக்கரம் சோப்பு டப்பா மூடி மாதிரி இருந்துச்சுக்கா. இப்பப் பாருங்க, எப்படி நிக்குதுன்னு."

நின்றது உண்மைதான். நகர்வதில்தான் தகராறு. சிக்னலில் பச்சை விழுந்து, அவள் மிதி மிதியென்று மிதித்தும், கார் தூக்கம் கலையாத ஆள் போல மெல்ல அசையும். அதற்குள் பின்னால் ஹாரன்கள் காதைப் பிளக்கும். மேடு வந்தால் முதல் கியருக்கு இறங்கியே ஆக வேண்டும். குழியில் இறங்கினால் இடி நேராக முதுகெலும்புக்கு வரும். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் உள்ளே எங்கோ டயர் கரகரவென்று உரசும். பெட்ரோலோ போட்ட இடம் தெரியாமல் காணாமல் போனது.

ஒருநாள் ஒரு அடுக்குமாடி வாசலில் பிரேக்கை நேரத்துக்கு அழுத்தியும் கார் நிற்காமல் போய் கேட்டில் முட்டியது. வாட்ச்மேன் வளைந்த கம்பியைத் தடவிப் பார்த்துவிட்டு, "மேடம், பிரேக் எந்தப் பக்கம்னு தெரியுமில்ல?" என்றார்.

அவள் மன்னிப்புக் கேட்டாள். காரின் மேல் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. 'உனக்கு இது கை வராது' என்று காலியாக இருந்த பக்கத்து சீட்டிலிருந்து கணவரின் குரல் கேட்டது. கார் வாங்கிய நாளிலிருந்தே அந்தக் குரல் கூட வந்துகொண்டிருந்தது. யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்க யார் இருக்கிறார்கள்? நோயாளிகளிடம் அவள் அவர்களுடைய வலியைப் பற்றி மட்டும்தான் பேசுவாள்.

அந்த வாரம் ஒரு தையல்காரம்மாவுக்குப் பயிற்சி. முட்டி மாற்றி ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. நாற்காலியில் உட்கார வைத்து, கணுக்காலில் மணல் அடைத்த எடைப் பட்டை ஒன்றைக் கட்டி, காலை நீட்டச் சொன்னாள்.

"முடியல தாயி," என்றார் தையல்காரம்மா. "கிளம்பவும் மாட்டேங்குது, கிளப்பிவிட்டா நிக்கவும் மாட்டேங்குது. இது என் காலா, யார் வீட்டு மாடா?"

வலியக்கா சிரித்தபடி குனிந்து, பட்டையை அவிழ்த்து முட்டிக்குச் சற்றுக் கீழே கட்டினாள். கால் சர்ரென்று மேலே வந்தது.

"எடையைக் குறைச்சிட்டியா?"

"இல்லம்மா. அதே பட்டைதான். இடத்தைத்தான் மாத்தினேன். நுனியில இருந்தா ஆட்டறதும் கஷ்டம், நிறுத்தறதும்..."

பாதியில் நிமிர்ந்தாள். கிளம்ப மாட்டேன் என்கிறது, நிற்க மாட்டேன் என்கிறது. ஜன்னல் வழியே தெருவில் நின்ற காரையும் அதன் பெரிய சக்கரங்களையும் பார்த்தாள்.

"என்ன தாயி, பேயைப் பாத்த மாதிரி நிக்கறே?"

"ஒண்ணுமில்லம்மா. இன்னும் பத்து தடவை நீட்டுங்க."

அங்கிருந்து நேராக டயர் கடைக்குப் போனாள். கடைக்காரர் ஒரு சக்கரத்தைக் கழற்றி, அந்தக் காருக்கு உரிய பழைய சக்கரம் ஒன்றையும் உள்ளிருந்து உருட்டிக்கொண்டு வந்தார். அவள் இரண்டையும் மாறி மாறித் தூக்கினாள். ஆட்களைத் தூக்கிப் பழகிய கை அது. பொய் சொல்லாது.

"இவ்வளவு வித்தியாசமா!"

"டிக்கியில மூட்டை ஏத்தினா சும்மா சுமந்துட்டுப் போகும்மா. சக்கரத்துல ஏத்தினா சுமக்கவும் வேணும், சுத்தவும் வேணும். பிரேக்குக்கும் அதே பாடுதான். உயரமும் ஜாஸ்தி பாருங்க. மீட்டர் காட்டறதை விட வேகமாத்தான் போயிருப்பீங்க. இத்தனை நாள் இதையா ஓட்டுனீங்க? கெட்டிக்காரிதான்."

கெட்டிக்காரி. போகிற போக்கில் சொன்ன வார்த்தைதான். அவள் அதை மனசுக்குள் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தாள். பெரியவை நான்கையும் அங்கேயே விட்டுவிட்டு, காருக்கு உரிய சின்னவை நான்கை வாங்கி மாட்டிக்கொண்டாள். கடை வாசல் மேட்டில் கார் இரண்டாம் கியரிலேயே ஏறிவிட்டது.

யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. ஓரமாக நிறுத்தி போனில் தேடினாள். நோயாளிகள், நோயாளிகளின் பிள்ளைகள், மருந்துக் கடை. கடைசியில், அழிக்காமல் வைத்திருந்த ஒரு எண்ணை அழுத்தினாள்.

"நான்தான் பேசறேன்."

"யாரு... ஓ, நீயா! என்ன, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார் முன்னாள் கணவர்.

"நல்லாத்தான் இருக்கேன். கார் வாங்கியிருக்கேன். நல்லா ஓட்டறேன்."

"அப்படியா? சந்தோஷம்."

"எனக்குக் கை வராதுன்னு சொன்னீங்களே."

அந்தப் பக்கம் டிவி ஓடும் சத்தம் கேட்டது. "நானா? எப்பச் சொன்னேன்? நீயே வேணாம்னு விட்டுட்டன்னுல்ல நினைச்சேன்." அவர் நடிக்கவில்லை. அவருக்கு நிஜமாகவே நினைவில்லை. "சரி, பாத்து ஓட்டு, என்ன?"

"சரி."

வண்டியைக் கிளப்பினாள். அது சொன்ன பேச்சைக் கேட்டது. திரும்பென்றால் திரும்பியது, நில்லென்றால் நின்றது. பின்னால் யாரும் ஹாரன் அடிக்கவில்லை. பக்கத்து சீட்டிலிருந்தும் சத்தமில்லை. இத்தனை நாளாகக் குறை சொல்லவாவது ஒருவர் அங்கே இருந்தார். இப்போது அவரும் இறங்கிப் போய்விட்டார். அந்த சீட் இவ்வளவு அகலமா என்று தோன்றியது.

அன்று இன்னும் இரண்டு வீடுகள் பாக்கி இருந்தன. இரண்டிலும் வழக்கம்போல் மடக்கினாள், நீட்டினாள், திட்டு வாங்கினாள். திரும்பும் வழியில், இதுவரை தொட்டுப் பார்க்காத ரேடியோவைத் திருகினாள். யாரோ ஒருவர் நாளைய வானிலையை வாசித்துக்கொண்டிருந்தார். மழை வரலாம், வராமலும் போகலாம் என்றார். வேறு நிலையம் தேடாமல், வீடு வரை அவரைப் பேச விட்டாள்.