ஐந்து மீட்டருக்குள்

கிளெமென்ட் ஓவெண்டன் முப்பது வருடம் நிலம் அளந்தவர். ஓய்வு பெற்ற பிறகு எங்கள் சுண்ணாம்புக் குன்றில் வண்ணத்துப்பூச்சிகளை எண்ணுகிறார். வாரம் ஒரு முறை, எப்போதும் அதே பாதை. எண்ணுபவருக்கு முன்னால் ஐந்து மீட்டர், இருபுறமும் இரண்டரை மீட்டர். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பெட்டிக்குள் வந்தால்தான் கணக்கு. அதற்கு வெளியே மகாராணியே சிறகு கட்டிக்கொண்டு பறந்தாலும் அவர் பென்சில் அசையாது.

நான் மாரீன் டாப்செல், அவருக்குத் துணை. துணை என்றால் தேநீர்க் குடுவையைச் சுமக்கிறவள். இந்தக் கோடையில் மட்டும் நான் காட்டிய பதினேழு பூச்சிகளைத் தள்ளுபடி செய்திருக்கிறார். ஒரு முறை டேப்பை எடுத்து அளந்தே காட்டினார். வந்த ஆத்திரத்தில் அன்று அவருக்கு நான் பிஸ்கட் கொடுக்கவில்லை.

ஆனால் ஆகஸ்ட் கடைசி வாரம் இருவருக்குமே சண்டை போடும் மனநிலை இல்லை. அடோனிஸ் நீலன் என்று ஒரு வண்ணத்துப்பூச்சி உண்டு. மற்ற நீலன்களெல்லாம் பலமுறை துவைத்த சட்டை நிறம் என்றால், இது அப்போதுதான் கடையிலிருந்து வாங்கி வந்தது. மூன்று வருடமாகக் கணக்குத் தாளில் அதன் கட்டத்தில் பூஜ்யம். நான்காவது பூஜ்யமும் விழுந்தால் 'இந்தக் குன்றில் இல்லை' என்று எழுதிவிடுவது எங்கள் சங்கத்து வழக்கம். எழுத வேண்டியவர் கிளெமென்ட். இனிமேல் மழைதான் என்று வேறு வானிலை அறிக்கையில் சொல்லியிருந்தார்கள்.

பாதி வழியில் நின்று தொப்பியைக் கழற்றினார். வழுக்கை முழுக்க வேர்வை.

"அசையாதீங்க!" என்று கத்தினேன்.

"என்ன, குளவியா?"

"அடோனிஸ்! ஆண். உங்க மண்டை மேல உக்காந்து வேர்வை குடிக்குது."

அப்படியே உறைந்து நின்றார். பிறகு மெல்லச் சொன்னார்: "கணக்குல வராது. எனக்கு முன்னாடி இல்லையே."

"கிறுக்கா புடிச்சிருக்கு உங்களுக்கு? மூணு வருஷமா இதுக்குத்தானே நாயா அலையறீங்க!"

"விதின்னா விதிதான், அம்மணி. என் தலையே ஆனாலும்."

எனக்குப் பாவமாகவும் இருந்தது, கோபமும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் எனக்கு மூளை நன்றாக வேலை செய்யும்.

"எண்ணுறவங்க பாதியில மாறக் கூடாதுன்னு விதி இருக்கா?"

யோசித்தார். "இல்ல."

"அப்போ பென்சிலைக் குடுங்க. நான் உங்களுக்கு ரெண்டு மீட்டர் பின்னாடி நிக்கிறேன். என் பெட்டிக்குள்ளதான் இப்ப உங்க தலை இருக்கு."

பதினோரு வருடமாக யாரிடமும் கொடுக்காத பென்சில், கணக்கு எழுதும் பலகையோடு தோளுக்கு மேலாக வந்தது. எட்டி வாங்கிப் பின்வாங்கி, 'ஒன்று' என்று எழுதினேன்.

"இன்னும் இருக்கா?"

"இருக்கு."

"எப்படி இருக்கு? நான்தான் பாக்க முடியலையே."

சொன்னேன். சிறகின் நீலத்தை, வெள்ளை விளிம்பை, விளிம்பைக் குறுக்கே வெட்டும் கறுப்புக் கோடுகளை. அதற்குள் அது எழும்பி, எனக்குப் பின்னால் சரிவில் இறங்கிப் போய்விட்டது. பின்னாலிருந்து பார்க்கையில் அவர் காதுகள் இரண்டும் சிரிப்பில் மேலேறியிருந்தன. எனக்கு நிறுத்த மனம் வரவில்லை. கால் மாற்றி உட்காருகிறது, மீசையைத் துடைக்கிறது என்று வாய்க்கு வந்ததையெல்லாம் அடித்துவிட்டேன்.

கடைசியில் மனசு உறுத்தியது. "கிளெமென்ட், ஒண்ணு சொல்லணும்..."

"அது போய் அஞ்சு நிமிஷம் ஆச்சு. என் தலையில இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாதா?" என்றார், இன்னும் திரும்பாமல். "நீங்க சொல்லுங்க, அம்மணி. நல்லா இருக்கு."