பால் கேனும் பொது மேலாளரும்

பொது மேலாளராக ஓய்வுபெற்று நான்கு வருடமாகியும் குருமூர்த்தி கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் காலை நடைக்குப் போவார். தெருநாய்களுக்கும் பதவி தெரிய வேண்டுமல்லவா? இப்போது குடியிருப்போர் சங்கத் தலைவர். அந்த மிடுக்கோடு, அருணா வெல்டிங் கடை போட்டிருந்த கார் ஷெட்டில் வந்து நின்றார்.

"வீட்ல அலுமினியம் வெல்டிங் ஆகற காரியமா? எங்க பிளாண்ட்ல அதுக்குத் தனி ரூம், ஏசி, ஜெர்மன் மெஷின். நீ இந்த டிபன் பாக்ஸை வெச்சிக்கிட்டு... மூடும்மா கடையை."

அவர் சொன்ன டிபன் பாக்ஸ், ஒரு சின்ன மிக் வெல்டிங் இயந்திரம். சிப்காட் தொழிற்பேட்டையில் ஒன்பது வருடம் ஒப்பந்த வெல்டராக இருந்த அருணாவை ஒரே வாட்ஸ்அப் செய்தியில் வெளியே அனுப்பினார்கள். பி.எஃப். பணம் மொத்தத்தையும் போட்டு இதை வாங்கினாள்.

பேரிகை ஊர்ப் பால்காரர் லால் பாஷா, அடியில் விரிசல் விட்ட அலுமினியக் கேனோடு காத்திருந்தார்.

"இது ஒழுகுச்சுன்னா மெஷினை வித்துடறேன் சார். ஒழுகலேன்னா நீங்க இந்தப் பக்கமே வரக்கூடாது" என்றாள் அருணா.

"சங்க மினிட்ஸ் புக்ல எழுதிக்கறேன்."

எழுதிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். அருணா ஆர்கான் வாயு சிலிண்டரைத் திறக்கத் திரும்பியதும், குருமூர்த்தி பக்கத்தில் கிடந்த கம்பி பிரஷால் விரிசலைத் தேய்தேய் என்று தேய்த்தார். அவள் கவனிக்கவில்லை. பற்றவைத்தாள். தையல் கறுத்து, பொரிப் பொரியாக ஓட்டை விழுந்தது. தண்ணீர் ஊற்றினால் சொட்டியது.

"பாத்தியா!" என்றார் குருமூர்த்தி. கையில் இன்னும் பிரஷ்.

"அதால தேய்ச்சீங்களா? இரும்பு கேட் தேய்ச்ச பிரஷ் சார் அது! அந்தத் தூளு பட்டா அலுமினியம் புடிக்குமா? உங்க ஜெர்மன்காரன் சொல்லித் தரலீங்களா?"

"எங்க ஊட்ல மீன் கரண்டியக்கூட பாயசத்துல வெக்க மாட்டாங்க சார்" என்றார் லால் பாஷா.

"விதின்னா விதி. ஒழுகிடுச்சு, வித்துடு."

"விக்க மாட்டேன். என்னா பண்ணுவீங்க?"

கறுத்த தையலை அரைத்தெடுத்தாள். ஈரத்தைத் துடைத்துக் காயவைத்தாள். அலுமினியத்துக்கென்றே தனியாக வைத்திருந்த எவர்சில்வர் கம்பி பிரஷால் தேய்த்தாள். வெல்டிங் கன்னை முன்னே தள்ளி, நிற்காமல் ஒரே ஓட்டம். ஆறியதும் தண்ணீர் நிரப்பி அடியில் செய்தித்தாளை விரித்தாள். பத்து நிமிடம் கழித்தும் தாள் மொறமொறவென்றிருந்தது.

"முதல் முயற்சி தோல்வின்னுதான் எழுதுவேன்."

"எழுதுங்க. தேய்ச்சது யாருன்னும் எழுதுங்க, கையெழுத்துப் போடறேன். பாய், அடுத்த கேனை எறக்குங்க." முகமூடியை இழுத்துவிட்டாள். "வெளிச்சம் கண்ணுக்கு ஆகாது சார். ஒண்ணு கெளம்புங்க, இல்லே திரும்பிக்கங்க."

பொது மேலாளர் (ஓய்வு) சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.