போக இருபது, வர அறுபது

என் தங்கை கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாள். தன் கல்யாணத்தன்றும் கடையைத் திறந்தவள் அவள். நாலு மணிக்குப் பதிவு அலுவலகத்தில் கையெழுத்து. அதற்குள் முப்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த ஓர் அழகு நிலையத்துக்கு ஆளுயரக் கண்ணாடியைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

போகும்போது கண்ணாடி இருக்கிறது, மணிக்கு இருபதில்தான் ஓட்டலாம், வரும்போது வண்டி காலி, அறுபதில் பறக்கலாம், சராசரி நாற்பது, போய்வர ஒன்றரை மணி நேரம் போதும் என்று கணக்குப் போட்டாள். எனக்கும் சரியாகத்தான் பட்டது. இரண்டரைக்குக் கிளம்பினோம்.

நான் புதுத்துணியோடு வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்து கண்ணாடியைப் பிடித்துக்கொண்டேன். கண்ணாடிக்குள் மேகமெல்லாம் என் பக்கத்திலேயே ஓடிவந்தது. சைக்கிளில் வந்த ஒருவர் அதில் பார்த்துத் தலையைச் சரிசெய்துகொண்டு, சாவகாசமாக எங்களை முந்திப் போனார்.

கண்ணாடியை இறக்கும்போது மணி சரியாக நாலு. அலுவலகத்தில் காத்திருந்த மாப்பிள்ளை போன் செய்தார். எலக்ட்ரீஷியன், பதற்றப்படாத மனிதர். இவள் சராசரிக் கணக்கை ஒப்பித்தாள். ஸ்பீக்கரில் அவர் குரல் நிதானமாக வந்தது.

"உன் கணக்கு சரியா வரணும்னா, நீ திரும்பி வர்றதுக்கு நேரமே ஆகக் கூடாதும்மா."

அவ்வளவுதான். இவள் சுவரில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கும் தொற்றிக்கொண்டது. விஷயம் தெரிந்ததும் அழகு நிலையத்து அம்மாள் மணப்பெண்ணைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்து, பத்தே நிமிடத்தில் தலை அலங்காரத்தை முடித்து அனுப்பினார்.

திரும்பும் வழியில் தங்கை திடீரென ஸ்டியரிங்கைத் தட்டினாள். "அக்கா, இருபதுல ஒன்னரை மணி நேரம் வந்தோம். அறுபதுல அரை மணிதான் போறோம். ரெண்டையும் எப்படிச் சமமா வெச்சுக் கூட்டினேன்? அறுபது கிலோமீட்டர், ரெண்டு மணி நேரம். சராசரி முப்பதுதான்!"

நாலு நாற்பதுக்குப் படியேறினோம். ஐந்துக்கு அலுவலகத்தை மூடிவிடுவார்கள். தாமதம் ஏன் என்று பதிவாளர் கேட்க, மாப்பிள்ளை கதையைச் சொன்னார். இருபதும் அறுபதும் கூட்டிப் பாதி நாற்பதுதானே என்று பதிவாளர் ஒற்றைக்காலில் நின்றார். தங்கை ஒரு காகிதத்தை இழுத்து நேரங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினாள். மாப்பிள்ளை மேசைமேல் கவிழ்ந்து கோடு கிழித்தார். காவலாளி இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்குப் பதிவாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "முப்பதுதாம்மா" என்று ஒத்துக்கொண்டு பதிவேட்டை விரித்தார்.

கையெழுத்து முடிந்ததும் இருவரும் கைகோத்துப் படிகளில் தடதடவென்று இறங்கி ஓடினார்கள். எதற்கு ஓடுகிறோம் என்று தெரியாமலே நானும் பின்னால் ஓடினேன்.