அக்கோத்தின் போன் மட்டும்

பராசா சொன்ன யோசனைகளில் ஒன்றுகூடத் தப்பில்லை. எனக்கு ஆத்திரமே அதுதான். தப்பான யோசனையைக் கேட்டு நாசமாய்ப் போயிருந்தால், அவர் வீட்டு வாசலில் போய் நின்று நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு வந்திருப்பேன். சரியானதையெல்லாம் சரியாகச் செய்து நடுத்தெருவுக்கு வந்தவள் யாரிடம் போய்க் கத்துவது?

நைரோபியில் புதிதாகக் கம்பெனி தொடங்குகிறவர்களுக்கு உட்கார ஒரு மேசையும் இன்டர்நெட்டும் கொடுத்து, வாரம் ஒருமுறை கூப்பிட்டுவைத்துப் பேசுகிறவர் பராசா. தானும் ஒரு காலத்தில் மென்பொருள் செய்து மாதச் சந்தாவுக்கு விற்று நன்றாகவே சம்பாதித்தவர். அதனால் நானும் முட்டிசோவும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். முட்டிசோ வங்கியில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்த வேலையை உதறிவிட்டு வந்தவன். அவன் செய்வான், நான் கடைகடையாய் ஏறி விற்பேன். கம்பெனி என்றால் அவ்வளவுதான், நாங்கள் ரெண்டு பேர்.

நாங்கள் செய்தது முடி பின்னும் சலூன்களுக்கான மென்பொருள். பெயர் ஸாமு. எங்கள் ஸ்வாஹிலியில் 'முறை' என்று அர்த்தம். உன் முறை, என் முறை என்கிறோமே, அந்த முறை. எந்த வாடிக்கை என்றைக்கு வருகிறாள், யாரிடம் பின்னுகிறாள் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

செய்வதற்கு முன்னால் போய்ப் பேசுங்கள் என்றார் பராசா. பேசினோம். நைரோபி ஓரத்துக் கிதுராயில் நாங்கள் ஏறி இறங்காத சலூன் கிடையாது. எல்லோரும் நல்லாருக்கு என்றார்கள், டீ கொடுத்தார்கள், அடுத்த வாரம் வாங்க என்றார்கள். முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொல்கிற வழக்கம் எங்கள் ஜனத்துக்குக் கிடையாது. அதையும் பராசா முன்கூட்டியே சொல்லியிருந்தார்: நல்லாருக்கு என்கிறவர் வாடிக்கையாளர் இல்லை, பணம் கட்டுகிறவர்தான் வாடிக்கையாளர், இலவசமாய்க் கொடுத்தால் கடைசிவரை உண்மை தெரியாது. சரி என்று முதல் நாளிலிருந்தே காசு கேட்டோம். டீ கொடுத்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அதற்கப்புறம் போனை எடுக்கவில்லை.

எடுத்தவர் கத்தூரே மேடம் ஒருத்தர்தான். கிதுராய் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே மாடியில் பெரிய சலூன், பக்கத்து ஊர் ரூய்ருவில் ரெண்டு கிளை. அவர் கடை ஒன்று நிலைத்தால் அதைக் காட்டி நூறு கடை பிடிக்கலாம் என்று நாங்கள் மனக்கோட்டை கட்டினோம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இந்த சலூன்களில் பின்னுகிற பெண்களுக்குச் சம்பளம் கிடையாது. அவர்கள்தான் நாற்காலிக்கு வாரவாடகை கட்டுகிறார்கள். நாற்காலி முதலாளியுடையது, அதில் வந்து உட்காருகிற தலை பின்னுகிறவளுடையது. வருகிறவள் கடையைப் பார்த்து வருவதில்லை, கையைப் பார்த்து வருகிறாள். பின்னுகிறவள் சாலையைத் தாண்டி எதிர்க்கடைக்குப் போனால் வாடிக்கையும் பின்னாலேயே போய்விடும். அவள் போனில் இருக்கிற நம்பர்கள்தான் அவளுக்குக் காடு, கழனி, பென்ஷன் எல்லாம்.

அக்கோத் அங்கேதான் கடைசி நாற்காலியில் இருந்தாள். நான் காலேஜ் முடித்ததிலிருந்து என் தலை அவள் கையில்தான். வலிக்காமல் இறுக்கிப் பின்னத் தெரிந்தவள். பின்னி முடித்து, பிரியாமலிருக்க நுனியைச் சுடுதண்ணீரில் தோய்க்கும்போது என் கழுத்தில் ஒரு சொட்டு விழாது. புருஷன் என்று ஒருவன் இருந்தான், இப்போது எங்கே என்று கேட்டால் சிரிப்பாள். மகளை போர்டிங் பள்ளியில் சேர்த்திருந்தாள். அந்தப் பிள்ளையின் படிப்பு முழுக்க அவளுடைய வாடிக்கைகளின் தலையில்தான் நின்றது.

ஒரே ஒரு காரியத்தை எடுத்துக்கொண்டு அதை ஒழுங்காகச் செய்யுங்கள் என்பது பராசாவின் அடுத்த யோசனை. முட்டிசோ யோசித்துப் பிடித்தது இது: பின்னல் ஆறு வாரத்தில் தளரும், வேலை மும்முரத்தில் பெண்கள் தள்ளிப்போடுவார்கள், சரியாக ஆறாவது வாரம் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி போனால் திரும்பி வருவார்கள். கடைக்கும் லாபம், பின்னுகிறவளுக்கும் லாபம். இதில் யாருக்கு என்ன குறை வரப்போகிறது? அப்படித்தான் நானும் நினைத்தேன். சோதித்துப் பார்ப்பதற்காக எங்கள் கம்பெனியின் சொந்தக் கணக்கில் அவன் ஏற்றிய முதல் பெயர் என்னுடையது. வாடிக்கை நெக்கேசா, பின்னுகிறவர் அக்கோத்.

தன் வாடிக்கைகளின் பெயரும் நம்பரும் ஏற்றாதவளுக்கு நாற்காலி இல்லை என்று கத்தூரே மேடம் உத்தரவு போட்டார். பில் மேசையில் ஒரு டேப்லெட் வைத்தோம். அன்றைக்கு என் தலையைப் பிரித்துக்கொண்டே அக்கோத் மெதுவாகக் கேட்டாள்.

"இதுல நான் போடுற நம்பரை மேடம் பாப்பாங்களாடி?"

"பாக்க முடியாது. பேர் மட்டும்தான் தெரியும். நம்பருக்கு முட்டிசோ பூட்டு போட்டிருக்கான்."

"நெஜமா?"

"நெஜமாத்தான். நீ போட்டாதான் மத்தவங்களும் போடுவாங்க. எனக்காகப் போடுடி."

பொய் இல்லை. அன்றைக்குப் பூட்டு இருந்தது.

முதல் செய்திகள் போகவேண்டிய சனிக்கிழமை நானும் முட்டிசோவும் ஒரு பை நிறைய, எண்ணெயில் பொரித்த மந்தாசி வாங்கிக்கொண்டு சலூனுக்குப் போனோம். நல்ல மழை. கடை நிரம்பியிருந்தது, பாதித் தலை பின்னினவர்களும் முழுத்தலை விரித்தவர்களுமாக. பத்து மணிக்கு மென்பொருள் தானாகவே வேலையைத் தொடங்கியது.

ஒரு போன் ஒலித்தது. அடுத்து இன்னொன்று. அப்புறம் மழைக்கு மேலே கேட்கிற மாதிரி கடை முழுக்கப் போன்கள் ஒலிக்க ஆரம்பித்தன. கண்ணாடிக்கு முன்னால், ஏப்ரன் பையில், சீப்புக் கூடையில், எல்லாம் பின்னுகிறவர்களின் போன்கள். ஒன்று நின்றால் அடுத்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தி விளையாட்டாக ஒரு போனை எடுத்து உரக்கப் படித்தாள்: "அன்புள்ள மேரி, முடி பின்னி ஆறு வாரம் ஆச்சு..." அந்தப் போனுக்குச் சொந்தக்காரி பெயர் மேரி இல்லை. அடுத்த செய்தி ஜாய்ஸுக்கு, அதற்கடுத்தது ரோஸுக்கு, எல்லாம் அந்த ஒரே போனுக்கு.

எனக்குப் புரிந்தது. வாடிக்கைகளின் பெயருக்கு நேராக எல்லோரும் தங்களுடைய ரெண்டாவது சிம் நம்பரைப் போட்டிருக்கிறார்கள். உத்தரவுக்கு உத்தரவும் ஆச்சு, பிழைப்புக்குப் பிழைப்பும் ஆச்சு. வாடிக்கைகள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

கத்தூரே மேடம் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. பில் மேசைக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு நாற்காலியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பார்வை கடைசி நாற்காலியில் வந்து நின்றது. அக்கோத்தின் போன் கண்ணாடிக்கு முன்னால், எண்ணெய்ப் புட்டி பக்கத்தில், சத்தமே இல்லாமல் கிடந்தது. அவள் குனிந்து பின்னிக்கொண்டே இருந்தாள்.

"என்ன அக்கோத், உன் போன்ல சார்ஜ் இல்லையா?" என்றாள் அடுத்த நாற்காலிக்காரி.

யாரும் அதற்குச் சிரிக்கவில்லை. மந்தாசிப் பையை நான் பிரிக்கவே இல்லை.

மறுநாளே கத்தூரே மேடம் முட்டிசோவைக் கூப்பிட்டனுப்பினார். பொய் நம்பர்களால் தனக்கு உபயோகம் இல்லை, ஆனால் நிஜ நம்பர்கள் கொஞ்சம் உள்ளே இருக்கின்றன என்று தெரியும் என்றாராம். பூட்டை எடுத்துவிட வேண்டும். எல்லோருக்கும் சேர்த்து ஒரே செய்தி அனுப்ப ஒரு பொத்தான் வேண்டும். செய்தியில் கடையின் பெயர் இருக்க வேண்டும், பின்னுகிறவளின் பெயர் இருக்கக் கூடாது. செய்தால் மூன்று கடைக்கும் ஒரு வருஷச் சந்தா. இல்லையென்றால் டேப்லெட்டை எடுத்துக்கொண்டு போகலாம்.

முட்டிசோ கெட்டவன் இல்லை. வாடகை கட்ட முடியாமல் அறையைக் காலி செய்துவிட்டு, ஒன்றுவிட்ட அண்ணன் வீட்டு சோபாவில் படுத்துக்கொண்டிருந்தான். அம்மாவிடம் இன்னும் வங்கியில் இருப்பதாகவே சொல்லிக்கொண்டிருந்தான். அவன் முகத்தைப் பார்த்தபோதே முடிவு செய்துவிட்டான் என்று தெரிந்தது.

"அது அக்கோத்தோட சோறுடா," என்றேன்.

"காசு குடுக்கிறது யாரு, நெக்கேசா? அக்கோத்தா? காசு குடுக்கிறவங்க கேக்கிறதைச் செய்யுன்னு பராசா சொல்லல?"

"நாற்காலிக்கு வாடகை குடுக்கிறது யாரு? அது மட்டும் காசு இல்லையா?"

"நாம மூடிட்டா அக்கோத்துக்கு என்ன கெடைக்கும், சொல்லு. அந்தம்மா வேற யாரையாவது வச்சுச் செஞ்சுக்குவாங்க. பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகம் இருண்டுடுமா?"

பராசாவிடம் போனேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். பயன்படுத்துகிறவர் ஒருத்தர், பணம் கட்டுகிறவர் வேறொருத்தர் என்றால் அந்த ரெண்டு பேரும் முட்டிக்கொள்கிற இடத்தில் கடை போடக் கூடாது, இதைத் தொடக்கத்திலேயே பார்த்திருக்க வேண்டும் என்றார். இதுவும் சரிதான். இப்போது என்ன செய்ய என்று கேட்டேன். கற்றுக்கொண்டதை எழுதிவையுங்கள் என்றார்.

பூட்டைப் போட முட்டிசோவுக்கு ஒரு வாரம் ஆகியிருந்தது. எடுக்க ஒரு சாயங்காலம் போதுமாயிருந்தது.

அக்கோத்தின் வாடிக்கைகளுக்குச் செய்தி போனது: இந்த மாதம் பாதி விலை, யாரும் வரலாம். வந்தார்கள். அவர்களைக் கத்தூரே மேடம் புதிதாகச் சம்பளத்துக்கு வைத்த ரெண்டு பெண்களிடம் உட்காரவைத்தார். நான் போனபோது, வருஷக்கணக்காய் அக்கோத்திடம் பின்னிய ஒரு டீச்சர், நாலு நாற்காலி தள்ளி உட்கார்ந்து அவளைப் பார்க்காத மாதிரி பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். பாதி விலை என்றால் யார்தான் விடுவார்கள்? அக்கோத் சீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மற்ற பெண்கள் அவளிடம் பேசுவதை நிறுத்தியிருந்தார்கள். மேடத்துக்கு ஆள் காட்டினவள் என்று அவளுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்.

"மன்னிப்பு கின்னிப்பு கேட்டுடாத. எனக்குக் கேக்க நேரமில்ல."

"அக்கோத்..."

"அந்த மெஷின் கேட்டிருந்தா நானும் பொய் நம்பர்தான் போட்டிருப்பேன் நெக்கேசா. நீ கேட்ட. அதனால போட்டேன்." சீப்பை உதறிவிட்டு, "உக்காரு, தலை கலைஞ்சு கெடக்கு," என்றாள்.

உட்கார்ந்தேன். பின்னினாள். எப்போதும்போல வலிக்காமல் பின்னினாள். கண்ணாடியில் நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு அவள் கையால் பின்னிக்கொண்ட ஒரே தலை என்னுடையதுதான் என்று பிறகு தெரிந்தது. வழக்கம்போல அதையும் எங்கள் கணக்கில் தேதி போட்டு ஏற்றினேன். கைப்பழக்கம்.

மீதிக் கதை சுருக்கம், எல்லாம் சில வாரங்களில் நடந்து முடிந்தது. அக்கோத்துக்கு நேர்ந்தது நாளை நமக்கும்தான் என்று மற்ற பெண்கள் கண்டுகொண்டார்கள். ஒரு திங்கட்கிழமை அத்தனை பேரும் சீப்பு, கூடை, போனோடு சாலையைத் தாண்டிப் புதுக் கட்டிடத்துக்குப் போய்விட்டார்கள். வாடிக்கைகளும் பின்னாலேயே போனார்கள். கத்தூரே மேடத்திடம் ரெண்டு சம்பளப் பெண்களும் காலி நாற்காலிகளும் மிஞ்சின. அந்த வாரமே சந்தாவை வேண்டாம் என்றார். முட்டிசோ மொம்பாசாவில் ஏதோ கப்பல் கம்பெனியில் வேலை என்று போய்விட்டான். ஊரெல்லாம் எங்கள் பெயர் கெட்டுப்போயிருந்தது. அந்த மென்பொருள்காரி வருகிறாள் என்றால் பின்னுகிற பெண்கள் போனைக் கவிழ்த்து வைத்தார்கள்.

புதுக் கட்டிடத்தில் அக்கோத்துக்கு மட்டும் நாற்காலி தர யாரும் சம்மதிக்கவில்லை. தந்தாலும் உட்காரவைக்க அவளிடம் தலை இல்லை. மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்து தங்கை வீட்டில் விட்டாள். ஒரு ஏஜென்டைப் பிடித்து, ரியாத்தில் ஒரு வீட்டில் சமைத்துத் துவைக்கப் போய்விட்டாள். எனக்குச் சொல்லவில்லை. தங்கைதான் சொன்னாள். அங்கே போன உடனே பாஸ்போர்ட்டையும் போனையும் வாங்கி வைத்துக்கொண்டார்களாம். அதற்கப்புறம் ஒரு சேதியும் இல்லை என்றாள். பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தது.

நேற்று பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். தலை நமைத்தது. வேர்ப்பக்கம் பின்னல் தளர்ந்து விரல் நுழைகிற அளவுக்கு வந்துவிட்டது. பிரித்துவிட எனக்கு மனம் வரவில்லை. போன் ஒலித்தது. எங்கள் கணக்கை யாரும் மூடவில்லை போலிருக்கிறது, முன்பணத்தில் கொஞ்சம் மிச்சமும் இருந்திருக்க வேண்டும்.

"அன்புள்ள நெக்கேசா, முடி பின்னி ஆறு வாரம் ஆச்சு. அக்கோத் உங்களுக்காகக் காத்திருக்கிறார். வருவதானால் 1 என்று பதில் அனுப்புங்கள்."

அந்த வாசகத்தை எழுதினது நான்தான். இறங்க வேண்டிய நிறுத்தம் வந்து போயிற்று. கடைசியில் 1 என்று அனுப்பினேன். அனுப்பி முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. முட்டிசோ நன்றாகத்தான் செய்திருந்தான்.

"நன்றி. உங்கள் முறை பதிவாகிவிட்டது."