மோட்டாருக்கும் மூச்சு வேணும்

என் பெயர் குணபூசணி. அண்ணன் முத்துக்குமாரு முன்பாதியை விழுங்கிவிட்டு 'பூசணி' என்றே கூப்பிடுவார். 1982-இல், மலேசியாவின் கிள்ளானிலிருந்து தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலைக்கு, அப்பா விட்டுப்போன பெடல் வைத்த பழைய மோட்டார் சைக்கிளில்தான் வேலைக்குப் போனேன். முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் ஷிப்ட் மணி அடித்த பிறகுதான் போய்ச் சேரலாம். மோட்டார் போனால் வேலையும் போகும்.

ஆனால் அது கிள்ளான் பாலத்தில் பாதி ஏறியதும் திணறும். நான் பெடலை மிதிப்பேன். காய்கறி வாங்கப் பாசாருக்குப் போகிற சனம் நின்று வேடிக்கை பார்க்கும்.

"மானம் போகுது பூசணி. சரஸ்வதி பூஜைக்கு மறுநாள் நான் பின்னால உக்காந்து வரேன். மிதிக்காம பாலம் ஏறு. ஏறலேன்னா நேரா பழைய இரும்புக் கடைதான். வேலையும் வேணாம், வீட்டுல இரு" என்றார் அண்ணன்.

"ஏறும்" என்றேன்.

புகைக்குழாயைக் கழற்றி நெருப்பில் போட்டுக் கரியைத் தட்டினேன். பின் சக்கரத்துக்கு நாலு பல் கூடுதலான ஸ்ப்ரோக்கெட், அதாவது செயின் ஓடும் பற்சக்கரம், போட்டேன். வேகம் குறையும், ஏற்றம் ஏறும். அப்படியும் பாதிப் பாலத்தில் திணறியது. கடைசியாகக் காற்று வடிகட்டியைத் திறந்தேன். உள்ளே இட்லி மாதிரி ஒரு வெள்ளைக் கட்டி! பதினைந்து வருஷமாகப் பூஜையில் பூசிய விபூதியும் சந்தனமும். முதலில் அப்பா, பிறகு அண்ணன், பக்தியோடு மோட்டாரின் மூக்கை அடைத்திருக்கிறார்கள். சிரித்துவிட்டுப் புது வடிகட்டி மாட்டினேன்.

பூஜையன்று அண்ணன் தட்டோடு வந்து வழக்கமான இடத்துக்கே, காற்று வடிகட்டிப் பக்கமே, கையை நீட்டினார். நான் குறுக்கே கை வைத்தேன்.

"லைட்டுல பூசுங்க அண்ணா. இது மோட்டார் மூச்சு விடுற இடம்."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். சாமியையே தடுக்கிறியா? நாளைக்குப் பாலம் எப்படி ஏறுதுன்னு பாக்கிறேன்லா!"

"பாருங்க."

மறுநாள் தொண்ணூறு கிலோ அண்ணன் பின்னால் ஏறி உட்கார்ந்தார். பாதிப் பாலம் தாண்டியது. திணறவில்லை. எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. அப்போது திடீரென்று வண்டி கனத்தது. பின்னால் 'சர்ர்'ரென்று சத்தம். திரும்பிப் பார்த்தேன். ரயில்வேயில் ஹெட் கிளார்க், என் கூடப் பிறந்த அண்ணன், இரண்டு காலையும் தாரில் ஊன்றித் தேய்த்துக்கொண்டிருந்தார்!

ஆக்ஸிலேட்டரை முழுசாக முறுக்கினேன். மோட்டார் ஒரு உறுமல் உறுமி அவரையும் இழுத்துக்கொண்டு ஏறியது.

"நிறுத்து! என் செருப்பு விழுந்திருச்சு!"

"பாலத்துல நிறுத்தினா போலீஸ் பிடிப்பான் அண்ணா."

அடுத்த கரையில் அவரை இறக்கிவிட்டேன். ஒற்றைச் செருப்போடு பாலத்தைப் பார்த்து நடந்தார். இரும்புக் கடைப் பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவே இல்லை.

அடுத்த வருஷப் பூஜையில் விபூதித் தட்டோடு மோட்டாருக்கு முன்னால் வந்து நின்றார்.

"குணபூசணி, லைட்டுலதானே பூசணும்?" என்று கேட்டார்.