மேட்டில் நிற்காத ஆடுகள்

யார்க்‌ஷயரின் அந்தப் பள்ளத்தாக்கில் புல் அறுப்புக்கு முன்னால் ஆற்றோர வயலில் ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க வேண்டும். மிதிபட்ட புல்லை அறுக்க முடியாது. டோர்கஸ் ரா முன்னால் போனாள். தம்பி ஐசக் மந்தை நாயோடு பின்னால் வந்தான். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அப்பா விட்டுப்போன குத்தகைப் பண்ணையும் ஓயாத வாய்ச்சண்டையும்தான் அவர்களுடைய குடும்பம்.

"மெதுவாப் போக்கா. மலை எங்கயும் ஓடிடாது."

"மலை ஓடாது. மேனேஜர் நாளைக்கு வந்து நிப்பாரு. பேசாம வாடா."

நாளைக்கு, நிலத்துக்குச் சொந்தமான எஸ்டேட்டின் மேனேஜர் மலைமேலிருக்கும் மேட்டுவெளியைப் பார்க்க வருகிறார். ஆடுகள் அங்கே தாமாகவே தங்கி மேய்ந்தால் குத்தகை தொடரும். இல்லையென்றால் மேடு பறவை வேட்டைக்காரர்களுக்குப் போய்விடும். மேடு போனால் பண்ணையும் போச்சு.

மேட்டில் வேலி கிடையாது. தாய் ஆடு எதைத் தன் இடமென்று நினைக்கிறதோ, அதையே குட்டியும் பிடித்துக்கொள்ளும். பழைய மந்தை அப்பா காலத்திலிருந்து அப்படித்தான் மேட்டிலேயே கிடந்தது. போன வருஷம் கோமாரி வந்தபோது, நோய் கண்ட பண்ணைக்குப் பக்கத்துப் பண்ணை என்கிற ஒரே குற்றத்துக்காக, சீக்கே இல்லாத அத்தனை ஆடு மாடுகளையும் அரசாங்க ஆட்கள் சுட்டுத் தள்ளினார்கள். பிறகு வாங்கிவந்த ஆடுகளுக்கு மேடும் தெரியாது, மண்ணாங்கட்டியும் தெரியாது. தினமும் ஓட்டிப்போய், உச்சியிலேயே தீவனம் போட்டுப் பழக்க வேண்டும். குளிர்காலம் முழுக்க அது ஐசக்கின் வேலை, மாடுகள் டோர்கஸின் வேலை. "நிக்குதுங்களாடா?" என்று சாயங்காலம் கேட்பாள். "அடிச்சு வச்ச மாதிரி நிக்குதுங்க" என்பான். அவளும் நிம்மதியாகத் தூங்கினாள், பாவம்.

மலைச்சரிவிலுள்ள மூன்று அருவிகளில் கீழ் அருவியைத் தாண்டியதும் பாதை செங்குத்தாக ஏறியது. நடு அருவிக்குப் பக்கத்தில் கற்சுவரில் ஒரு கேட் இருக்கிறது. ஐசக் அதைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான்.

"நீ போய்ப் பாத்துட்டு வாக்கா. நான் இங்க இருக்கேன்."

"அதுக்குள்ள மூச்சு வாங்குதா கிழவா? என்னைவிடச் சின்னவன்டா நீ."

அவன் சிரிக்கவில்லை. அவள் அதைக் கவனிக்காமல் ஏறினாள்.

மேல் அருவி பாறைக்குப் பாறை தாவி விழுந்துகொண்டிருந்தது. அதற்கப்பால் மேட்டுவெளி, கண்ணுக்கெட்டிய தூரம்வரை. ஒரு ஆடுகூட இல்லை. புழுக்கை இல்லை, கடித்த புல் இல்லை, கம்பளி சிக்கிய புதர் இல்லை. தீவனம் போட்ட இடம் எங்கேயாவது தெரிகிறதா என்று அலைந்து பார்த்தாள். எந்தத் தடமும் இல்லை. களவு போயிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். தம்பிமேல் அவளுக்குச் சந்தேகம் வரவே இல்லை.

விழுந்தடித்து இறங்கினாள். நடு அருவிக்கு மேலே வந்ததும் கால் தானாக நின்றது.

சுவரோரச் சரிவுகளிலிருந்து வந்து, கேட்டைச் சுற்றி மந்தை முழுவதும் நின்றது. ஐசக் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். குட்டிகள் அவன் கோட்டுப் பையை முட்டிக்கொண்டிருந்தன. அங்கே தரை புல்லே இல்லாமல் சேறாகக் கிடந்தது. ஒருநாள் இரண்டுநாள் மிதித்த சேறு இல்லை அது. ஏறும் அவசரத்தில் அவள் அதைப் பார்க்கவில்லை.

"இங்கயா போட்டே?"

அவன் பையை முட்டிய குட்டியை விலக்கினான்.

"வாயத் திறடா. தீவனத்த இங்கயா போட்டே?"

"கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே முட்டி போயிடுச்சுக்கா. இதுக்கு மேல ஏற முடியல. பனி விட்டதும் சரியாயிடும், அப்புறம் மேல ஓட்டிக்கலாம்னு..."

"எங்கிட்ட சொல்றதுக்கு என்னடா கேடு? நான் ஏறியிருக்க மாட்டேனா?"

"நீ ஏறிடுவே. அதான் சொல்லல." முகத்தைத் துடைத்துக்கொண்டான். "மாட்டையும் பாத்து, மேட்டையும் ஏறி, நீயும் செத்துப்போனா நான் என்னக்கா பண்ணுவேன்?"

டோர்கஸ் குனிந்து பார்த்தாள். கால்சட்டைக்குள் அவன் முட்டி பூசணிக்காயாக வீங்கியிருந்தது. இதைக்கூடப் பார்க்காமல் ஒரே மேஜையில் உட்கார்ந்து எப்படிச் சாப்பிட்டோம் என்று அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

ஆனாலும் விடவில்லை. நாயைக் கூப்பிட்டு, மந்தையை வளைத்து, மேல் அருவி தாண்டி மேட்டின் நடுவரைக்கும் ஓட்டினாள். குரல் கட்டும்வரை கத்தினாள். ஆடுகள் நின்றன, நாலு வாய் மேய்ந்தன. அவள் திரும்பி நடந்ததும் ஒரு கிழட்டு ஆடு கத்தியது. உடனே தாய்கள் இறங்கத் தொடங்கின. இந்த வசந்தத்தில் பிறந்த குட்டிகள் தாய்களையும் முந்திக்கொண்டு, வழி தெரிந்தவைபோல ஓடின. அவள் கேட்டுக்கு வருவதற்குள் எல்லாம் அங்கே படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன.

டோர்கஸ் தம்பியின் பக்கத்தில் சேற்றிலேயே உட்கார்ந்தாள். அருவி இரைச்சலில் அவள் அழுததுகூடக் கேட்கவில்லை.

"விடியறதுக்குள்ள மறுபடியும் மேல ஓட்டிடறேன். நாளைக்கு மேனேஜர் வர்றப்ப நீ வீட்டுலயே இரு," என்றாள் கடைசியில். "மறந்தும் இதுங்களக் கூப்பிட்டுடாத."

"நான் எப்பக்கா கூப்பிட்டேன்?" என்றான் ஐசக். "இதுங்களுக்கு இதான் வீடு."