ஆதரவு தாரீர்

2006ஆம் ஆண்டு, உள்ளாட்சித் தேர்தல் முடிந்து வந்த செவ்வாய்க்கிழமை, சிவகாசியில் சபுராவின் வீடியோ கேம் கடைத் தொலைக்காட்சியிலிருந்து கால்பந்தாட்டக் கோல்கீப்பர் இறங்கி வந்து, குடிக்கத் தண்ணீர் கேட்டார். சபுரா நோன்பிருந்தார், ஆயினும் முகம் சுளிக்காமல் சொம்பை நீட்டினார். பழைய கன்சோல் கருவிகளுக்கு இனிப் புதிய ஆட்டம் தயாரிப்பதில்லை என்று கடல் கடந்த கம்பெனி ஒன்று அறிவித்த செய்தி அன்றுதான் நாளிதழில் வந்திருந்தது. ‘பழைய கருவிகளுக்கான ஆதரவு நிறுத்தப்படுகிறது’ என்று தமிழாக்கியிருந்தார்கள். யாரையோ தெருவில் விட்டுவிட்டார்கள் என்றே சபுரா அதைப் புரிந்துகொண்டார். எதிரில் நின்றவரைப் பார்க்கையில் அந்தப் பொருள் தவறாகவும் தோன்றவில்லை.

கடைக்கு வரும் பிள்ளைகளின் கூச்சலைப் பல வருடங்கள் கேட்டிருந்ததால் கோல்கீப்பருக்குத் தமிழ் தெரிந்திருந்தது; வசவுகள் சற்று அதிகமாகவே தெரிந்திருந்தன. சபுராவின் கணவர் ஜெகபர் அலி அவருக்கு ஒரு கைலி கொடுத்தார். கையுறை கையோடு சேர்த்தே வரையப்பட்டிருந்தமையால் கழற்ற வரவில்லை. கரண்டி பிடிக்க வராததால் நோன்புக் கஞ்சியைக் கோப்பையோடு தூக்கிக் குடித்துக்கொண்டார். எதிர்க் குடோனில் தீபாவளிக்கான கடைசி லோடு ஏறிக்கொண்டிருந்தது. லாரியிலிருந்து நழுவிய வெடிப் பெட்டிகளில் ஒன்றையும் அவர் தரை தொட விடவில்லை. ஆனால், ஆட்டத்தைச் செய்தவர்களின் பிழையால் அவருக்கு இடப்பக்கம் மட்டுமே பாய வரும். லோடு ஆட்கள் லாரியைத் திருப்பி நிறுத்திக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் அவருடைய பச்சைச் சட்டை நீலமாயிற்று. அடுத்த வாசலில் அச்சகம் வைத்திருந்த சண்முகவேல் ஒரு பார்வையிலேயே காரணத்தைச் சொல்லிவிட்டார்.

“இவருக்கு மஞ்ச மை தீந்துபோச்சும்மா. அடுத்து சிவப்பு போகும், பெறகு நீலம். கடைசியில வெறுந்தாள்தான்.”

மாலையில் உதடு வெளுத்தது. கஞ்சிக் கோப்பை அவருடைய விரல்களின் ஊடே தெரிந்தது. “நான் அழிஞ்சிருவேனாக்கா?” என்று அவர் கேட்டபோது சபுரா கஞ்சியை வைத்துவிட்டு அச்சகத்துக்குப் போனார்.

“அண்ணே, கம்பெனி ஆதரவ நிறுத்துனதாலதான் வெளுக்குறாரு. நாங்க வச்சிருக்கோமே, அது ஆதரவு இல்லையா?”

“உலகம் பூராவும் குடுத்துக்கிட்டிருந்த ஆதரவும்மா. ஒரு வீடு எம்புட்டுத் தாங்கும்?”

“அப்ப ஊர்கிட்ட கேப்போம். போன வாரமெல்லாம் அதைத்தானே அச்சடிச்சீக?”

சண்முகவேல் நெற்றியில் அடித்துக்கொண்டு எழுந்தார். தோற்றுப்போன வேட்பாளர் ஒருவரின் சுவரொட்டி அச்சடித்த பிளேட் கிடந்தது. படத்தை மட்டும் மாற்றினார். விடிந்தபோது, கையுறையோடு கும்பிடும் கோல்கீப்பரும் ‘ஆதரவு தாரீர்’ என்ற வரியும் ஊர்ச் சுவர்களில் இருந்தன.

எந்தப் பதவிக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. சபுரா முன்னே நடக்க, அவர் வாசல் வாசலாகச் சென்று கும்பிட்டார். “எங்க ஆதரவு ஒங்களுக்குத்தான், நிம்மதியாப் போங்க” என்றார்கள். வந்த வேட்பாளர் அனைவருக்கும் சொன்ன அதே சொல், அதே சிரிப்பு. வேட்பாளர்கள் அதை நம்பியதில்லை. கோல்கீப்பர் அரசியல் அறியாதவராகையால் ஒவ்வொரு வாசலிலும் நம்பினார். முதல் தெரு முடிவதற்குள் உதடு சிவந்தது. பூக்கடை முருகம்மாள் மட்டும் அவரை நிறுத்தி வைத்து ஏற இறங்கப் பார்த்தார்.

“தேர்தல் முடிஞ்ச பெறகும் வந்து கும்பிடுற மொத ஆளு நீங்கதான்யா. ஜெயிச்சவுகளே இன்னும் வரல. என் ஆதரவு நெசமாவே ஒங்களுக்குத்தான்.”

சட்டை அங்கேயே பச்சையாயிற்று. அதன்பின் அது வெளுக்கவே இல்லை. சலவைக்குப் போட்டும் பார்த்தார்கள்.

குடோனில் அவர் நிரந்தரமானார். புதிதாக வரும் லாரி ஓட்டுநர்களுக்கு எந்தப் பக்கம் நிறுத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது வழக்கமாயிற்று. 2009இல், அடுத்த தலைமுறைக் கன்சோலுக்கும் ஆதரவு நிறுத்தப்படுவதாகச் செய்தி வந்தது. சபுரா நாளிதழை மடித்து வைத்துவிட்டு, “அண்ணே, அந்த பிளேட்டை எடுத்து வைங்க” என்று அச்சகத்தின் பக்கம் குரல் கொடுத்தார். உலையில் கூடுதலாக இரண்டு படி அரிசி போட்டார். சற்று நேரத்தில் கடைக்குள்ளிருந்து கார்ப் பந்தயக்காரர் ஒருவர் தயங்கித் தயங்கி வெளியே வந்தார். தலைக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு உட்காரும்படி கோல்கீப்பர் சொன்னார். கழற்ற வரவில்லை என்றார் அவர். “வராது. இங்கன அதெல்லாம் பரவாயில்ல” என்று கோல்கீப்பர் இலையைப் போட்டார்.